மூக்குப்பேணியும் சிரட்டையும்

(பலெர்மோ நகரின் மொண்டெல்லோவில் இடம்பெற்ற தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் தாயொருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்னோர் விட்டுச்சென்ற பொருள்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். நான் மேடையேறிப் பழகியவள் அல்லள். ஆகவே என் கையிலுள்ள இந்த ஒரு பொருளைப் பற்றி மட்டுமே பேச விரும்புகின்றேன்.

இது ஒரு மூக்குப்பேணி. பெரியவர்களுக்கு இதனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இளையோருக்காகச் சொல்கின்றேன். பித்தளையால் ஆன இச்சிறு பாத்திரத்தின் பக்கவாட்டில் பறவையின் அலகுபோல ஒரு மூக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் தண்ணீரும் மோரும் தேநீரும் இதில்தான் கொடுப்பார்கள். அண்ணாந்து, உதடு படாமல் வாயில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கண்ணாடிக் குவளைகள் பெருகிய பின்னர் இது மெல்ல மெல்ல அலுமாரிக்குள் போய்விட்டது.

இப்பேணி என் அம்மம்மாவின் திருமணத்தின்போது சீதனப் பாத்திரங்களோடு வந்தது. அவரிடமிருந்து என் அம்மாவுக்குக் கிடைத்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, அம்மாவும் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவராக நாவற்குழிப் பாலம் நோக்கி நடந்தார். பெரிய அண்டாக்களையும் குத்துவிளக்குகளையும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, இதனை மட்டும் உடுப்புப் பைக்குள் வைத்திருந்தார். அன்றிரவு மழை பெய்தது. வீதியில் அசையவும் இடமில்லை. குடையிலிருந்து வழிந்த மழைநீரை இப்பேணியில் ஏந்தி, அருகில் நின்ற குழந்தைகளுக்கு அம்மா பருக்கினார். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியாது. 1996இல் ஊர் திரும்பியபோது கிணற்றுக்குள் இறக்கிய எதுவும் அங்கே இருக்கவில்லை. எஞ்சியது இது ஒன்றே.

நான் அப்போது பலெர்மோவில் இருந்தேன். பல ஆண்டுகளின் பின்னர், ஊருக்குச் சென்று திரும்பிய உறவினர் ஒருவரிடம் அம்மா இதனைக் கொடுத்தனுப்பினார். பொதியைப் பிரித்தபோது நான் அழுதேன். இங்கே பிறந்த என் மகளோ இதனை மூடி தொலைந்த கோப்பிக் கேத்தல் என்று நினைத்துவிட்டாள். இது என்னவென்று விளக்கியதும் அவள் கேட்டாள்: "ஏன் அம்மா உதடு படக்கூடாது?"

சுத்தத்திற்காக என்று சொன்னேன். ஒரே பேணியில் பலரும் குடிக்கலாம் என்றும் சொன்னேன்.

"அப்படியானால் வீட்டுக்கு வந்த எல்லோருமே இதிலா குடித்தார்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இல்லைப் பிள்ளை. தோட்ட வேலைக்கு வாறவைக்கும் உடுப்பு வெளுக்கிறவைக்கும் வேலியில சிரட்டை செருகியிருக்கும். அவை அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில நிப்பினம். நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க மேல நிண்டு தண்ணி வார்த்திருக்கிறன்."

அன்பானவர்களே, இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஒன்றன்று. இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் சமமாக அமர்ந்து குடிப்பதற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் வழிபாட்டு உரிமைக்காக மக்கள் நின்றார்கள். இந்த வரலாற்றை நான் பள்ளியிலோ வீட்டிலோ கற்கவில்லை. இப்பேணியைப் பற்றி என் மகள் கேட்ட பின்னரே தேடிப் படித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இந்நகருக்கு வந்த புதிதில், இங்கே மொண்டெல்லோவில்தான், கோடைகாலத்துக்கு வந்து தங்கும் ஒரு குடும்பத்தின் மாளிகையில் வேலை செய்தேன். கடலைப் பார்த்தபடி அமைந்த அழகான வீடு. அவர்கள் கடுஞ்சொல் பேசியவர்கள் அல்லர். ஆனால் சமையலறையின் கீழ்த்தட்டில் எனக்கென்று ஒரு குவளை தனியாக இருந்தது. அதனை வேறு குவளைகளோடு சேர்த்துக் கழுவ வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார்கள். அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது எனக்கு ஏற்பட்ட மனவேதனையை இன்றும் மறக்கவில்லை. அம்மா சிரட்டையைப் பற்றிச் சொன்னபோது அந்தக் குவளைதான் என் நினைவுக்கு வந்தது. எனக்கு நேர்ந்தபோது அநீதி என்று உணர்ந்த ஒன்றை, எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தபோது வழக்கம் என்று சொல்லி நாங்கள் கடந்துவிட்டோம்.

"இவையெல்லாம் பழைய கதைகள், பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?" எனச் சிலர் கேட்கலாம். பழைய கதை முடிந்துவிட்டதா என்று நம்மை நாமே கேட்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவரும் கத்தோலிக்கருமாகப் பெல்லெகிரினோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகின்றோம். வழியில் ஒரே போத்தல் தண்ணீரைப் பகிர்ந்து குடிக்கின்றோம். ஆனால் பிள்ளைகளுக்குத் திருமணப் பேச்சு எழுந்தவுடன் "எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கின்றோமே, அக்கேள்வியின் உட்பொருள் என்ன? வேலியில் செருகிய சிரட்டையை நாம் கடல் கடந்தும் கொண்டுவந்திருக்கின்றோம் என்பதன்றி வேறென்ன?

அதனால் இப்பேணியை நான் வெறுத்து ஒதுக்கவில்லை. மழையிரவில் முகம் தெரியாத குழந்தைகளின் தாகம் தீர்த்ததும் இதே பேணிதான். முற்றத்தில் நின்றவருக்கு மறுக்கப்பட்டதும் இதே பேணிதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நம் பிள்ளைகள் உண்மையான முதுசத்தைப் பெறுகின்றார்கள். பெருமையை மட்டும் கொடுத்தால் அது அலங்காரப் பொருளாகிவிடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலுள்ள முன்னோர் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் தமிழில் எழுதி வையுங்கள். அது யாருடையது, எந்த ஊரில் இருந்தது, எவ்வாறு பயன்பட்டது, யாருக்குப் பயன்படாமல் போனது, எவ்வழியாக இங்கு வந்தது என்பன அதில் இருக்கட்டும். ஊரில் முதியோர் உயிருடன் இருந்தால் இன்றே அழைத்துக் கேளுங்கள். அவர்களின் குரலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு ஒருமுறைதான் கிடைத்தது. அந்த உரையாடலுக்குப் பின் சில மாதங்களில் அம்மா காலமானார்.

இளையோரே, உங்களிடமும் ஒன்று சொல்வேன். ஒரு பொருள் உங்கள் கைக்கு வரும்போது நன்றி சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். எங்களுக்குப் பதில் தெரியாவிட்டாலும், சங்கடப்பட்டாலும் விடாமல் கேளுங்கள். கேட்பதற்குரிய தமிழையும் கைவிடாதீர்கள். என் அம்மா சொன்னவற்றை இத்தாலிய மொழியில் அவர் சொல்லியிருக்க முடியாது.

இப்பேணியை இன்று உங்கள் முன்னிலையில் என் மகளிடம் ஒப்படைக்கின்றேன். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி வைத்திருக்கின்றேன். இதனோடு நான்கு பக்கங்களில் இதன் கதையும் இருக்கின்றது. பல்லாரோச் சந்தையில் வாங்கிய தேங்காயின் சிரட்டை ஒன்றையும் இதன் அருகில் வைக்கப்போவதாக அவள் சொல்கின்றாள். வீட்டுக்கு வருபவர்கள் அது எதற்கென்று கேட்பார்கள். அப்போது அவள் சொல்லட்டும்.