பேய் பொய், பயம் மெய்

(சிவகாசியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



"செய்வினை இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்களே, வாசலில் தகட்டையும் எலுமிச்சம்பழத்தையும் கண்டவன் மறுநாளே படுக்கையில் விழுகிறானே, அது எப்படி?" என்று ஒரு தோழர் சீட்டெழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இன்று அதற்கே பதில் சொல்லப்போகிறேன்.

அவன் படுத்தது பொய்யல்ல, வேஷமுமல்ல. அவனைப் பரிகாசம் செய்வது பகுத்தறிவும் ஆகாது. ஆனால் அவனைப் படுக்க வைத்தது தகடா, அல்லது தகட்டைப் பற்றி அவன் கொண்ட நம்பிக்கையா? தகட்டுக்கே சக்தி இருக்குமானால், அதை மிதித்துக் கடந்துபோன ஆட்டுக்கு ஏன் காய்ச்சல் வரவில்லை? பழத்தை எடுத்துப் பிழிந்து குடித்த சிறுவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பயம் வந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள சிறு சுரப்பிகள் அட்ரீனலின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை கால் நடுங்குகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ சரீரம் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. மருந்து உராய்ந்தால் தீப்பிடிக்கும் என்ற பயம் நமது பட்டாசுத் தொழிலாளியைக் காப்பாற்றுகிறது. அபாயம் நீங்கினால் தேகமும் அடங்கிவிடும். செய்வினைப் பயத்துக்கோ தப்பி ஓட இடமே கிடையாது. தூக்கம் போகிறது, சோறு இறங்குவதில்லை. உறவினரும் "இனி இவன் பிழைக்கமாட்டான்" என்று முகத்துக்கு நேரே அழுகிறார்கள். சூனியம் வைக்கப்பட்டதாக நம்பியவர்கள் பல தேசங்களில் மாண்டதாக வந்த செய்திகளை ஆராய்ந்த வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க அறிஞர், நீங்காத பெரும் பயமே அவர்களைக் கொன்றிருக்கலாம் என்று 1942-ல் எழுதினார். திடீர் அதிர்ச்சியால் இருதயத்தின் ஒரு பகுதி தளர்ந்து பானைபோல் உப்பிவிடுவதை ஜப்பானிய வைத்தியர்கள் 1990-ல் விவரித்தார்கள். ஆகவே பயத்தின் வேலையைப் பேயின் கணக்கில் எழுதுவானேன்?

2001 மே மாதத்தில் டில்லியில் "குரங்கு மனிதன்" வருகிறான் என்று புரளி கிளம்பிற்று. மொட்டைமாடியில் படுத்திருந்தவர்களில் சிலர் அலறிக்கொண்டு கீழே குதித்து மாண்டார்கள். போலீசார் தேடியும் அப்படியொரு பிராணி அகப்படவில்லை. இல்லாத குரங்கு கொல்லவில்லை. இருந்த பயம் கொன்றது.

பயப்படாதவனிடம் மந்திரம் என்ன செய்யும்? இதற்கும் பரீட்சை நடந்திருக்கிறது. 2008 மார்ச் 3-ந் தேதி, மந்திரத்தாலேயே ஆளைக் கொல்வேன் என்ற சுரீந்தர் சர்மா என்னும் மந்திரவாதியின் எதிரில், பகுத்தறிவாளர் சனல் எடமருகு தொலைக்காட்சியில் உட்கார்ந்தார். மணிக்கணக்கில் மந்திரம் ஓதப்பட்டது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்; சிரித்துக்கொண்டே எழுந்து போனார்!

நமது கரிசல்காட்டுச் சங்கதிக்கு வருவோம். ஒருவனை விஷமற்ற சாரைப்பாம்பு கடித்துவிடுகிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது, கை மரத்துப்போகிறது, மயக்கம் வருகிறது. மந்திரக்காரன் வேப்பிலை அடித்துத் தைரியம் சொன்னதும் எழுந்து உட்காருகிறான். உடனே "விஷம் இறங்கிற்று" என்று ஊரெல்லாம் பேர்! அதை நம்பி, கட்டுவிரியன் கடித்தவனையும் அதே திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே தைரியம் விஷத்தை முறிக்குமா? விஷமுறிவு மருந்துதான் முறிக்கும். முதலாமவனைப் பிழைக்க வைத்ததாகச் சொல்லும் பொய்தான் இரண்டாமவனைக் கொல்லுகிறது. இதுதான் மூடநம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இப்படிப்பட்ட கோரத்தைக் கண்டு தப்பிய ஒரு பெண் பிறகு கதவு படாரென்று சாத்தினாலும் நடுங்கலாம்; நடுநிசியில் அலறலாம். "செத்தவள் ஆவி பிடித்திருக்கிறது" என்று கோடாங்கியை அழைத்து உடுக்கை அடித்தால், அவளுடைய பயம் குறையுமா, இரட்டிக்குமா? அவள் கண்டது ஆவியல்ல, வெடி. அவளுக்கு வேண்டியது வேப்பிலையடி அல்ல. வைத்தியமும், ஆறுதலும், ஓய்வும், வெடிக்காத வேலைத்தலமும்!

மனநோயாளிகளைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டதன் பலனை நமது பக்கத்து ஜில்லாவிலேயே பார்த்தோம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். தர்காவானாலென்ன, கோவிலானாலென்ன, சங்கிலி ஒன்றுதானே!

ஆகவே தோழர்களே! பயந்து விழுந்தவனைக் கண்டால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை அசையவிடாமல் 108 வண்டிக்குச் சொல்லுங்கள். விருதுநகரில் அரசாங்க மருத்துவக் கல்லூரியே 2022 முதல் இருக்கிறது. நமது பிள்ளைகளிடம் "பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்" என்று சொல்வதை இன்றிரவே நிறுத்துங்கள். சிறுவயதில் நாம் விதைக்கும் பயத்தைத்தான் பின்னால் மந்திரவாதி அறுவடை செய்கிறான். விதைப்பதை நிறுத்தினால், அவன் வேறு வேலை தேடிக்கொள்ளட்டும்.