பன்னிரண்டு காம்பராவும் ஒரு பின்னமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்த பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இங்கே படித்துவிட்டு, பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களுக்கே ஆசிரியைகளாகத் திரும்பிப் போனவர்கள் நாங்கள். தோட்டப் பாடசாலைகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. ஆனாலும் நாங்கள் போன பல இடங்களில் ஒரே மண்டபந்தான். ஒரு கரும்பலகையை இரண்டு வகுப்புகள் பங்கிட்டுக்கொண்டன. அங்கே பின்னம் கற்பித்த அனுபவத்தைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். சிவப்புப் பேனையால் பிழை போட்டு, சரியான முறையைப் பத்துத் தடவை எழுதச் சொன்னோம். எழுதினாள். அடுத்த கிழமை மறுபடியும் ஐந்தில் இரண்டு. ஏன் என்று கேட்டோம். "ரெண்டு காம்பராவுல ஒண்ணு, மூணு காம்பராவுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே டீச்சர்?" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் இரண்டு வேறு லயங்களைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். அந்த எண்ணிக்கையில் பிழையில்லை. இரண்டு பின்னங்களும் ஒரே முழுமையின் பாகங்களாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் காட்டத் தவறிவிட்டோம்.

மறுநாள் பன்னிரண்டு காம்பரா உள்ள ஒரே லயத்தை நீளக் கடதாசியில் வரைந்தோம். பாதி லயம் ஆறு காம்பரா, அதற்குச் சிவப்பு. மூன்றில் ஒன்று நான்கு காம்பரா, அதற்கு நீலம். நிறம் பூசியவை பத்து, அதாவது பன்னிரண்டில் பத்து. இரண்டிரண்டு காம்பராவாகச் சேர்த்து எண்ணினால் ஆறில் ஐந்து. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அஞ்சுல ரெண்டு பாதிக்கும் கொறைவு. பாதியோட இன்னும் சேர்த்தா எப்படிக் கொறையும்?" என்று தானே கேட்டாள். அதன் பிறகுதான் தொகுதியெண், பகுதியெண் என்ற சொற்களை எடுத்தோம்.

அதன் பின் எங்கள் ஊரே பாடமாயிற்று. தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தில் மூன்று வளைவை மறைத்தால் ஒன்பதில் மூன்று. அதுவே மூன்றில் ஒன்று. எண் கோலங்களுக்கு மார்கழி வாசல் கோலம் கைகொடுத்தது. 1, 3, 5 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 9. அடுத்து 7 வைத்தால் 16. ஒற்றை எண்களைக் கூட்ட ஏன் சதுர எண் வருகிறது? மூன்றுக்கு மூன்றாகப் புளியங்கொட்டை அடுக்கி, இரு பக்கமும் மும்மூன்றும் மூலையில் ஒன்றும் வையுங்கள். வைத்தது 7, கிடைப்பது நான்குக்கு நான்கு. பிள்ளைகள் இதை ஒரு முறை கையால் செய்தால் மறப்பதில்லை.

இது பரீட்சைக்கு மட்டுமான விடயமல்ல. எங்கள் அம்மாமார் 'அரைப்பேர்' என்ற சொல்லோடு வாழ்ந்தவர்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து இல்லையென்றால் அன்றைய நாள் பாதி நாள். நாட்சம்பளம் 1,000 ரூபா என 2021இல் வர்த்தமானியில் வந்த பிறகும் அந்தச் சொல் மறையவில்லை.

அந்தப் பிள்ளை ஒரு நாள் தன் தாயின் சம்பளத்துண்டைக் கொண்டுவந்தாள். வேலைக்குப் போனது 24 நாள். அதில் 6 நாள் அரைப்பேர். இருபத்துநான்கு கட்டம் வரைந்து, ஆறு கட்டத்தில் பாதி பாதியாக நிறம் பூசினாள். வெறுமையாக நின்றது மூன்று கட்டம், எட்டில் ஒன்று. "அம்மாவுக்கு அரைக்கால் மாசச் சம்பளம் போயிருச்சு டீச்சர்" என்றாள். அரைக்கால் அவள் பாட்டியிடம் கேட்ட சொல். காலில் பாதி என்ற பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணக்கால் சம்பளம் கூடவில்லை. ஆனால் அன்று முதல் தாய் ஒவ்வொரு நாள் பேரையும் கலண்டரில் குறித்து, மாத முடிவில் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகளே, நாங்கள் பெரிய கொடை எதுவும் கேட்கவில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுங்கள். கொஞ்சம் கடதாசியும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். பிள்ளையின் விடை பிழையாக இருந்தால், சிவப்புப் பேனையை எடுக்குமுன், "இது எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். நாங்கள் அதைக் காலந்தாழ்த்தித்தான் கற்றோம்.