காணி உறுதியில் எம் பெயர்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கடலும் போரும் எம்மிடமிருந்து பிரித்துக்கொண்ட மாணவிகளையும் ஆசிரியர்களையும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். இன்று இந்த மண்டபத்தில் அவர்களும் இருந்திருக்க வேண்டும்.

பெண்களின் சமத்துவம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் கேட்டார்கள். அது உலகளவு பெரிய தலைப்பு. நானோ முப்பது வருடம் காணிக் கிளையில் எழுதுவினைஞராக இருந்தவள். எனக்குத் தெரிந்த வாசலால்தான் உள்ளே போக முடியும். அந்த வாசல் காணி.

எமது பாடசாலை தொடங்கிய நாளில் இலங்கையில் பெண்ணுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1931இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக அது வந்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். வாக்கு விரைவாக வந்தது. காணி அப்படி வரவில்லை.

1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. வன்னியில் குளங்களின் கீழ் குடியேறிய எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைத்த காணி இந்தச் சட்டத்தின் கீழ் கிடைத்ததுதான். நாங்கள் பேமிற் காணி என்று சொல்வது இதையே. அதன் மூன்றாம் அட்டவணையில் ஒரு பட்டியல் இருந்தது. காணிக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் காணி யாருக்குப் போகும் என்ற பட்டியல். முதலில் ஆண் மக்கள், பிறகு பெண் மக்கள். முதலில் பேரன்மார், பிறகு பேத்திமார். தகப்பனுக்குப் பிறகு தாய், சகோதரனுக்குப் பிறகு சகோதரி. மனைவி பின்னுரித்தாளராக நியமிக்கப்படாவிட்டால், இருக்கும்வரை அந்தக் காணியில் இருந்து பலன் எடுக்கலாம். தனக்குப் பிறகு அது யாருக்கு என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு முத்தையன்கட்டில் காணி கிடைத்தது. காடு வெட்டியது இருவரும். நெருப்பு வைத்துக் கட்டை பிடுங்கி, யானைக்குக் காவல் இருந்து, முதல் போகம் விதைத்ததும் இருவரும். பேமிற்றில் அப்பாவின் பெயர் மட்டும். அப்பா யாரையும் நியமிக்காமல் காலமானார். மூத்த பிள்ளை நான். காணி தம்பிக்குப் போனது. தம்பி நல்லவன். “அக்கா, இது உங்களுக்கும் உரியதுதான்” என்று அவனே சொன்னான். ஆனால் அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “பிள்ளை, நான் வெட்டின காட்டுக்கு என்ர பேர் எங்க இருக்கு?” காணிக் கிளையில் வேலை செய்யும் மகளிடம் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குடும்பத் தலைவர் என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கும். எதிரே ஒரு பெண் நின்றாலும், “அவர் பேர் என்ன?” என்று கேட்டு அவளின் கணவனின் பெயரை எழுதியவள் நான். ஆண் இல்லாத வீட்டில் மகனின் பெயரை எழுதியதும் உண்டு. யாரும் அப்படிச் செய் என்று கட்டளையிடவில்லை. எனக்கு முன் இருந்தவர்கள் எழுதினார்கள், நானும் எழுதினேன். பாரபட்சம் என்பது பெரும்பாலும் கெட்ட மனிதரால் நடப்பதல்ல. பழக்கத்தால் நடப்பது. அதனால்தான் அதைக் கண்டுபிடிக்கக் காலம் எடுக்கிறது.

உறுதிக் காணிக்கு வேறு கதை. வடமாகாணத் தமிழராகிய எமக்குத் தேசவழமை பொருந்தும். 1707இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் தொகுத்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொற்கள் எம் வீடுகளில் இன்றும் புழங்குகின்றன. பெண் பிள்ளைக்குக் காணி கொடுக்கும் வழக்கம் எமக்குப் பழையது. ஆகவே பெண்ணுக்குச் சொத்துரிமை மேற்கிலிருந்து வந்த புதுமை என்று யாராவது சொன்னால், உங்கள் அம்மம்மாவின் சீதன உறுதியை எடுத்துக் காட்டுங்கள். ஆனால் அதே உறுதிக்குள் ஒரு பூட்டும் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் சொந்தக் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை.

என்னோடு படித்த ஒருத்தியின் கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. முள்ளியவளையில் அவளுக்குச் சீதனக் காணி உண்டு. மகளின் படிப்புக்காக ஒரு துண்டை விற்கப் போனாள். “கணவரின் கையெழுத்து வேணும்” என்றார் நொத்தாரிசு. கணவன் எங்கே என்று அவள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமே அவனுடைய கையெழுத்தைக் கேட்டார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் இலகு என்று சிலர் சொன்னார்கள். அவள் எடுக்க மறுத்துவிட்டாள். அதை யார் குறை சொல்ல முடியும்?

அவளுக்குப் பிறகு தெரியவந்ததை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கணவன் இருக்கும் இடம் தெரியாதபோது, கைவிட்டுப் போனபோது, நியாயமின்றிச் சம்மதம் தர மறுக்கும்போது, மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறலாம். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெறவும் 2016இல் சட்டம் வந்தது. மரணசாசனம் எழுதுவதற்குக் கணவனின் சம்மதம் தேவையே இல்லை. அவள் நீதிமன்றம் போய்ச் சம்மதம் பெற்றாள். மகள் படித்தாள். ஆனால் தன் சொந்தக் காணிக்காக ஒரு பெண் ஏன் நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உலகம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1979இல் நிறைவேற்றியது. இலங்கை 1981இல் அதை ஏற்றது. சொத்தை வைத்திருக்கவும் கையாளவும் விற்கவும் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே உரிமை என்று அதன் 16ஆம் உறுப்புரை கூறுகிறது. காணிக் குடியேற்றத் திட்டங்களில் கிராமத்துப் பெண்ணைச் சமமாக நடத்த வேண்டும் என்று 14ஆம் உறுப்புரை கூறுகிறது. முத்தையன்கட்டை நினைத்து எழுதியதுபோல் எனக்குத் தோன்றும். எம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையும் பால் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் இதற்கு முரணாக இருந்தாலும் தொடரும் என்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறுகை பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் மாற்றம் வராமல் இல்லை. தமிழ்நாட்டில் 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டம் அங்கே 1989இல் வந்தது. அறுபது வருடம் எடுத்தது. இந்தியா முழுவதற்கும் 2005இல் வந்தது. எங்கள் காணி அபிவிருத்திச் சட்டத்தின் அந்தப் பட்டியலும் 2022இல் திருத்தப்பட்டது. இப்போது ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளில் மூத்தவருக்கே முன்னுரிமை. எண்பத்தேழு வருடத்துக்குப் பிறகு! அம்மா அதைக் கேட்க இருக்கவில்லை.

சட்டம் மாறியது பலருக்கு இன்னும் தெரியாது. தெரியாத உரிமை பெட்டிக்குள் வைத்து மறந்த நகை போன்றது. ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு. இன்று வீட்டுக்குப் போய் பேமிற்றையும் உறுதியையும் எடுத்து வாசியுங்கள். யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளர் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து வந்திருப்பவர்களுக்கு. ஊரில் காணி வாங்கும்போது அண்ணன் பெயரிலோ தம்பி பெயரிலோ எழுதுவது எம் வழக்கம். காசு அனுப்புவது அக்கா, அம்மாவைப் பார்ப்பது தங்கை, உறுதியில் தம்பி. இனிமேல் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். உங்கள் பெற்றோரை இங்கே பராமரித்த சகோதரிக்கு அவள் இருக்கும் வளவையாவது எழுதிக் கொடுங்கள். சங்கத்துக்கு நீங்கள் தரும் நன்கொடையில் ஒரு பகுதியை, வருடத்தில் சில நாட்கள் ஒரு சட்டத்தரணியை அழைத்து ஊர்ப் பெண்களின் பத்திரங்களைப் பார்க்கச் செய்ய ஒதுக்கினால் பெரிய புண்ணியம்.

மூன்றாவது, பிள்ளைகளே, உங்களுக்கு. உங்களில் சிலர் நாளை அலுவலகங்களில் கதிரையில் இருப்பீர்கள். எதிரே ஒரு பெண் வந்து நிற்பாள். “அவர் பேர் என்ன?” என்று கேட்காதீர்கள். “உங்கட பேர் என்ன அம்மா?” என்று கேளுங்கள். கேட்டு, அதையே எழுதுங்கள். நான் காலம் தாழ்த்தித்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

இந்தப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் ரீச்சர் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய முதற் சொல் என் பெயர். அந்தப் பெயரை எங்கெல்லாம் எழுத எமக்கு உரிமை உண்டோ, அங்கெல்லாம் எழுதுவோம்.