கேபின் கண்ணாடி உடைந்தால்

(டிராக்டர் பட்டறைக்காரர் ஒருவர் மாலை வகுப்பில் பேசியது)



எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. ஸ்பேனர் பிடித்துத்தான் பழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

புனே பக்கம், கரும்பு விளையும் ஊரில் என் பட்டறை இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான டிராக்டருக்குக் கேபின் கிடையாது. வெயிலும் புழுதியும் டிரைவர் தலையில்தான். இப்போது கேபின் வைத்த டிராக்டரும் வருகிறது. சுற்றிலும் கண்ணாடி. உள்ளே ஏ.சி. சுகம்தான். ஆனால் கண்ணாடி ஒருநாள் உடையும். கல் தெறிக்கும். காற்றில் கதவு அறையும். பின் கண்ணாடிக்கு எதிரி கலப்பை. அதை முழுக்கத் தூக்கினால், சில வண்டிகளில் அதன் தலை கண்ணாடியில் இடிக்கும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். பின் கண்ணாடி போய்விட்டது. கம்பெனிக் கண்ணாடி வர இரண்டு வாரம் ஆகும். விலையும் அதிகம். "அண்ணே, ஏதாவது போட்டுக் கொடுங்க" என்றான். நான் வீட்டு ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் கலப்பை மறுபடி இடித்தது. கண்ணாடி கத்தி போல நீளநீளமாகப் பிளந்தது. ஒரு துண்டு அவன் கையில் இறங்கியது. இரண்டு விரல் இன்றும் சரியாக மடங்காது.

அந்த வண்டியின் கதவுக் கண்ணாடியில், மூலையில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை!

அதில் என்ன இருக்கும்? நம் நாட்டில் பாதுகாப்புக் கண்ணாடிக்குத் தர எண் உண்டு. ஐ.எஸ். 2553. வெளிநாட்டுக் கண்ணாடியில் பெரும்பாலும் 43ஆர் என்று இருக்கும். இங்கிலீஷ் எழுத்தாயிற்றே என்கிறீர்களா? எண்ணைப் படிக்கலாமே!

பாதுகாப்புக் கண்ணாடியில் இரண்டு வகை. ஒன்று டஃபண்ட். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்று அடிப்பார்கள். உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும். இன்னொன்று லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் இருக்கும். விரிசல் விடும், ஆனால் விழாது.

டஃபண்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. துளையும் போட முடியாது. மொத்தமும் உதிர்ந்துவிடும். டஃபண்ட் என்று சொல்லி, கடைக்காரர் உங்கள் கண் முன்னாலேயே வெட்டித் தருகிறாரா? அது டஃபண்ட் இல்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

தகரம் அடிக்கலாமே என்பார்கள். வேண்டாம். வண்டி கவிழ்ந்தால், பல கேபின்களில் பின் ஜன்னல்தான் வெளியேறும் வழி.

மாட்டும்போது அவசரம் கூடாது. கையுறை போடுங்கள். கண்ணுக்கும் மறைப்பு வேண்டும். சீட், பெடல், ஏ.சி. துவாரம், எல்லா இடத்திலும் தூள் இருக்கும். துவாரத்தில் மிச்சம் இருந்தால், ஏ.சி. போட்டதும் முகத்தில் அடிக்கும். பிறகு சட்டத்தைப் பாருங்கள். வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். துருவைச் சுரண்டுங்கள். டஃபண்ட் கண்ணாடிக்கு உயிர் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் இரும்பு படக் கூடாது. போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் கட்டாயம். இறுக்கியது போதும் என்று கை சொல்லும். அங்கே நிறுத்துங்கள். பசை போட்டு ஒட்டும் கண்ணாடி என்றால், எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்குள் வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாக, கலப்பையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடியைத் தொட வருகிறதா? டாப் லிங்க்கைச் சரிசெய்யுங்கள். தூக்கும் உயரத்தையும் குறையுங்கள். இல்லாவிட்டால் புதுக் கண்ணாடியும் போகும்.

அந்தப் பையன் இப்போதும் என் பட்டறைக்குத்தான் வருகிறான். மூலையை அவனே படித்துக் காட்டிய பிறகுதான் கண்ணாடியை மாட்டுகிறேன்.

இதோ இரண்டு துண்டு கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றில் எழுத்து இருக்கிறது. ஒன்றில் இல்லை. அக்கா, முதலில் நீங்கள் வாங்கிப் பாருங்கள். விளிம்பைத் தொடாதீர்கள்.