அண்ணன் டீக்கடை வரை நடந்த கதை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"பக்கவாதம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் இருக்கிற என் அண்ணனுக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது அண்ணனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, வலது கை விழுந்தது. அப்போதே 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். உறவுக்காரர் ஒருவர் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்றார். புறா தேடியதில் மதியம் ஆகிவிட்டது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் போடவும் முடியும். எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, நானும் போனில் "தேய்ச்சுப் பாருங்க" என்றவன்தான்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய தப்பு. அண்ணி அவரைக் கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. சோறு ஊட்டினார், எல்லாம் படுக்கையிலேயே. தூக்கி உட்கார வைக்க, வராத கையைப் பிடித்து இழுப்போம். தளர்ந்து கிடக்கிற தோள் மூட்டு அதில் விலகும் என்பது எங்களுக்குத் தெரியாது. மூன்று வாரத்தில் நல்ல காலும் மெலிந்துபோயிற்று.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு பிபி பார்க்க வந்த சுகாதாரத் தன்னார்வலர்தான் அண்ணனைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டு போனார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் என்று நமக்குத் தெரியும். பிசியோதெரபியும் அதில் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி முதலில் கயிற்றுக் கட்டிலை வெளியே போடச் சொன்னார். குழிந்த கட்டிலிலிருந்து நல்ல ஆளே எழுந்திருக்கத் திணறுவான். சுவரோரம் கை வைத்த நாற்காலி ஒன்று, அதில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்து முறை. காலை, மதியம், மாலை. அவ்வளவுதான் முதல் வாரம். பிறகு உடம்பு எடையை வராத காலுக்கு மாற்றி மாற்றி நிற்பது. துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கம் நிற்க வேண்டும், தடி நல்ல கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். கேட்க எளிது. தினம் முப்பது முறை எழுந்து உட்காரச் சொன்னால் அண்ணன் திட்டுகிற திட்டு மாதா கோயில் வரை கேட்கும்.

"திருச்சிக்குக் கூட்டிவந்து மெஷினில் நடக்க வைக்கலாமா?" என்று பிசியோதெரபி படித்த என் மகளைக் கேட்டேன். அவள் இரண்டு ஆய்வுகளைச் சொன்னாள். அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்த ஒன்று 2011-இல் வந்தது. உடம்பைப் பெல்ட்டில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைத்தவர்களும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர்களும் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். மொத்தத்தில் பாதிப் பேருக்குச் சற்று மேல் நடை முன்னேறியிருந்தது. இன்னொன்று நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017-இல் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, அவர்களையே செய்ய வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை.

எனக்கு இரண்டாவதுதான் உறைத்தது. பாசமாகப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அது போதாது. எதை, எவ்வளவு, எப்போது கூட்டுவது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வந்து போக வேண்டும். மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நாலாம் மாதம் அண்ணன் தடி ஊன்றி டீக்கடை வரை போனார். முன்பு ஐந்து நிமிஷ நடை, இப்போது இருபது ஆகிறது. பாதம் இன்னும் இழுக்கிறது. கை பெரிதாக வரவில்லை, சட்டை பட்டன் அண்ணிதான் போடுகிறார். ஒரு நாள் தனியாகப் போய் விழுந்தும் எழுந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வாசல் தாண்டப் பயந்தார். கால் பயத்தைவிட அந்தப் பயத்தை விரட்டத்தான் அதிக நாள் பிடித்தது.

போன பொங்கலுக்கு அவரை இங்கே கூட்டிவந்தேன். லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி இருக்கிறதே, அங்கே கைப்பிடி இல்லை. ஆவூரில் தனியாக டீக்கடைக்குப் போகிறவரை இங்கே செக்யூரிட்டியும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபுறமும் கைப்பிடி வேண்டும். ஒருபுறம் மட்டும் போட்டால், வலது கை வராதவருக்கு ஏறும்போதோ இறங்கும்போதோ ஒரு தடவை உதவாமல் போகும். விலைப்புள்ளி வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.