கணையத்தில் படும் காயம்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லுகிறேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளிக்கு வரும் வழியில் சைக்கிளிலிருந்து விழுந்தான். கைப்பிடியின் முனை அவனுடைய மேல்வயிற்றில் குத்தியது. தோலின் மேல் ஒரு நாணயம் அளவுக்குச் சிவந்த வட்டம், அவ்வளவுதான். இரத்தம் வரவில்லை. அன்று முழுவதும் அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். விழுந்ததைச் சொன்னால் இனி சைக்கிளில் வரக்கூடாதென்று நான் தடுத்துவிடுவேன் என்று அஞ்சி, பெற்றோரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஓயாத வாந்தியோடும் பொறுக்கமுடியாத வலியோடும் அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவனுடைய கணையம் இரண்டாக அறுந்திருந்தது.

வெளியே ஒரு சிறு வட்டம். உள்ளே இவ்வளவு சேதம். இஃது எவ்வாறு நேர்கிறது? இதற்கு அறுவை மருத்துவர்கள் யாது செய்கிறார்கள்? இவ்விரண்டையும் இன்று சுருக்கமாகக் காண்போம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னும் முதுகெலும்புக்கு முன்னுமாகக் குறுக்கே கிடக்கும் ஒரு சுரப்பி. நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் அமைந்திருக்கிறது; வால்பகுதி மண்ணீரலை நோக்கி நீண்டிருக்கிறது. இன்சுலின் முதலியவற்றை இரத்தத்தில் சேர்ப்பது இதன் ஒரு தொழில். நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது மற்றொரு தொழில். அந்நீரைக் கொண்டு செல்லும் நடுக்குழாயை 1642ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் விர்சுங் என்னும் அறிஞர் கண்டறிந்தார். இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கும் ஆற்றல் அந்த நீருக்கு உண்டு. வாய்க்காலில் ஓடும் வரையில் நீர் பயிரை வளர்க்கும். கரை உடைந்தால் அதே நீர் பயிரை அழிக்கும். கணையக் குழாய் அறுந்து நீர் கசிந்தால், சுற்றியுள்ள உறுப்புகள் புண்ணாகின்றன.

அம்மிக்கும் குழவிக்கும் இடையே அகப்பட்ட பொருள் நசுங்குவது போல, முதுகெலும்புக்கும் சைக்கிள் கைப்பிடிக்கும் இடையே கணையம் நசுங்குகிறது. மோட்டார் விபத்தில் ஸ்டியரிங் சக்கரம் இதே வேலையைச் செய்துவிடும். வயிற்றறையின் பின்சுவரோடு ஒட்டி மறைந்திருப்பதால், முதற்சில மணி நேரம் வலி மிதமாகவே இருக்கக்கூடும். சற்றுக் குறைந்தது போலவும் தோன்றும். 1827ஆம் ஆண்டில் இலண்டனில் டிராவர்ஸ் என்னும் மருத்துவர், குதிரைவண்டிச் சக்கரத்தால் அடிபட்ட ஒரு பெண்ணின் கணையம் சிதைந்திருந்ததை எழுதிவைத்தார். இறந்த பின்பு உடலைத் திறந்து பார்த்தபோதுதான் அது தெரியவந்தது.

இன்று நிலைமை வேறு. 1971இல் நோயாளிகளுக்கு முதன்முதலாகப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன், வயிற்றைத் திறக்காமலே உள்ளே காட்டுகிறது. ஆயினும் முதற்சில மணி நேரத்துக்குள் எடுத்த படத்திலும், இரத்தத்தில் அமைலேஸ் அளவைக் காணும் சோதனையிலும் குற்றம் தெரியாமற் போவதுண்டு. ஆதலால் ஐயம் இருந்தால் மருத்துவர்கள் சோதனைகளைத் திரும்பவும் செய்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் முதல் வினா ஒன்றே: நடுக்குழாய் அறுந்ததா, இல்லையா? 1990இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் வகுத்த ஐந்து படிகளும் பெரிதும் இதைப் பொறுத்தவை. முதல் இரண்டு படிகளில் குழாய் தப்பியிருக்கும். அப்போது பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை, கவனித்திருந்தாற் போதும். வேறு காரணத்தால் வயிற்றைத் திறந்திருந்தால், இரத்தப்போக்கை நிறுத்தி, கசியும் நீர் வெளியேற ஒரு வடிகுழாயை வைப்பார்கள்.

மூன்றாம் படியில் உடற்பகுதியிலோ வாற்பகுதியிலோ குழாய் அறுந்திருக்கும். அப்போது அறுந்த இடத்துக்கு இடப்புறமுள்ள பாகத்தை நீக்கி, எஞ்சிய முனையை மூடித் தைப்பதே வழக்கமான சிகிச்சை. எஞ்சிய பாகமே பெரும்பாலோருக்கு இன்சுலின் தரப் போதுமானது. அருகிலுள்ள மண்ணீரல் சில கொடிய கிருமிகளிலிருந்து நம்மைக் காப்பது; ஆகவே, சிறுவர்களிடத்தில் அதனைக் காப்பாற்றப் பெரிதும் முயல்வார்கள். உடனே அறுவை செய்வதா, பொறுத்துப் பார்ப்பதா என்பதில் சிறுவர் மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

நான்காம், ஐந்தாம் படிகளே மிகக் கடினமானவை. அங்கே காயம் தலைப்பக்கத்தில் இருக்கிறது; பித்தநீர்க் குழாயும் முன்சிறுகுடலும் பெரிய இரத்தக் குழாய்களும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. தலைப்பகுதியை அடியோடு நீக்கும் முறையை விப்பிள் என்பவர் 1935இல் விளக்கினார். ஆனால் இரத்தம் இழந்து, உடல் குளிர்ந்து கிடக்கும் நோயாளி அத்துணை நீண்ட அறுவையைத் தாங்கமாட்டார். எனவே முதலில் இரத்தப்போக்கையும் குடற்கசிவையும் மட்டும் நிறுத்தி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, உடலைச் சூடாக்கி, இரத்தம் செலுத்துவார்கள். மீதி வேலை ஓரிரு நாள் கழித்து நடைபெறும். ஓட்டை விழுந்த கப்பல் முதலில் கரைசேர வேண்டும் என்ற கடற்படை வழக்கிலிருந்து இதற்குச் 'சேதக் கட்டுப்பாடு' என்ற பெயர் வந்தது. 1993இல் பிலடெல்பியா நகர மருத்துவர்கள் இம்முறையை விளக்கி எழுதியபின் இது எங்கும் பரவிற்று. தம்மால் முடிந்ததையெல்லாம் உடனே செய்யாமல், நோயாளி தாங்கக்கூடியதை மட்டும் செய்து நிறுத்துவதும் மருத்துவரின் திறமையே.

அறுவைக்குப் பின்னும் கவனம் தேவை. கணையநீர் சில நாள் கசியலாம். பெரும்பாலும் வடிகுழாயாலும் தக்க ஊட்டத்தாலும் நின்றுவிடும். சில வாரங்களுக்குப் பின் நீர் தேங்கிப் பை போல வீங்குவதும் உண்டு. அதனை இரைப்பைக்குள் உள்நோக்கியைச் செலுத்தியே இன்று வடித்துவிடுகிறார்கள்.

எங்கள் மாணவனுக்குக் கணையத்தின் இடப்பாகத்தை நீக்கினார்கள், மண்ணீரல் தப்பியது. மூன்று நாள் தாமதத்தால் உள்ளே புண்ணாகியிருந்தமையின், அவன் ஒன்றரை மாதம் படுக்கையில் இருந்தான். அவன் மறைத்தது பிழைதான். மறைக்கும்படி அவனை அஞ்சவைத்தது என் பிழை. அவன் திரும்பி வந்த நாளில், விழுந்ததைச் சொல்ல வருபவர் எவருக்கும் தண்டனை இல்லையென்று பள்ளிக் கூட்டத்தில் அறிவித்தேன்.

நீங்களும் இரண்டை மறவாதிருங்கள். சைக்கிள் கைப்பிடி முனையில் ரப்பர் உறை கிழிந்து இரும்புக் குழாய் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். மேல்வயிற்றில் பலத்த அடி பட்டால், வலி குறைந்தாலும் அன்றே பெரியவர்களிடம் சொல்லுங்கள். முதுகுக்குப் பரவும் வலியோ, வாந்தியோ, காய்ச்சலோ கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எப்போது, எப்படி அடிபட்டது என்று நீங்கள் சொல்லும் செய்தியே அங்கே மருத்துவருக்கு முதல் துணை.