ஆற்றுப்படையும் பயணக் கையேடும்



அயல்நாட்டுப் பெருநகருக்குச் செல்வோர் எத்தகைய கையேட்டைத் தேர்ந்து வாங்க வேண்டும்? விடை நம் காஞ்சியிலேயே உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் இந்நகருக்கு வழி சொல்லும் நூலன்றோ!

அதில் வழிகூறுபவன் தானே சென்று பரிசில் பெற்று மீண்டவன். ஆறலை கள்வர் அச்சமில்லை என்கிறான். எயினர், ஆயர், உழவர், வலைஞர் குடிகளில் கிடைக்கும் உணவைச் சொல்கிறான். நீர்ப்பெயற்றுத் துறையின் கலங்கரை விளக்கத்தையும், திருவெஃகாவில் பள்ளிகொண்ட திருமாலையும் காட்டுகிறான். நேரில் கண்டறிந்தமை, வழியின் பாதுகாப்பு, உணவு, காணத்தக்கவை ஆகியனவே நல்ல கையேட்டின் இலக்கணம்.

நான் பட்டறிந்த ஒன்றையும் சேர்க்கிறேன். 2011இல் பழந்தமிழ் அச்சுநூல் ஒன்றைத் தேடி இலண்டன் சென்றேன். கையில் இருந்ததோ ஆசிரியர் ஒருவர் அன்பளித்த 1990ஆம் ஆண்டுப் பதிப்பு. அதை நம்பி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வாயிலில் நின்றேன். பிரிட்டிஷ் நூலகத்தின் புதிய கட்டடமோ 1997இலேயே செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் திறக்கப்பட்டிருந்தது. கேட்டறிந்து அங்கே சேர்ந்தபோது மாலையாகிவிட்டது, மறுநாள் விமானம். தேடிய நூலைப் பாராமலே திரும்பினேன். குற்றம் கையேட்டினுடையதன்று, பதிப்பாண்டைப் பாராத என்னுடையது.

ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அப்போதுதான் மீண்டு வருபவன் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. பழமை இலக்கியத்திற்கு அழகு; கையேட்டிற்கு அன்று.